பசீல் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டிய பிடில்காரர்

அலமாரியின் மேல்தட்டில் பல வருடங்களாகத் துணி சுற்றிக் கிடந்த என் வயலினைச் சென்ற மாதம் இறக்கினேன். இசைத்தட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பாட்டோடு சேர்ந்து வாசித்துப் பார்க்கலாம் என்ற ஆசைதான் காரணம். மெட்டு எளிதாகத்தான் இருந்தது, ஆனால் எத்தனை முறை முயன்றும் என் விரல்கள் தட்டில் ஒலித்த பிடிலோடு ஒட்டவில்லை. அரை மணி நேரம் கழித்தே விஷயம் புரிந்தது. அந்தப் பிடிலின் நான்கு தந்திகளும் வழக்கத்தைவிட ஒரு முழு சுரம் இறக்கிக் கட்டப்பட்டிருந்தன. நானும் இறக்கிக் கட்டினேன். தந்திகள் தளர்ந்தன, குரல் தடித்தது, கொஞ்சம் கரகரப்பும் வந்து சேர்ந்தது. பிறகு வில்லைப் போட்டபோது, அந்தப் பாட்டுக்குரிய மண் வாசனையில் பாதியாவது இந்தத் தளர்விலிருந்துதான் வருகிறது என்று தோன்றியது.

அந்தப் பிடிலை வாசித்தவர் டூயி பால்ஃபா. அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள லூசியானா மாநிலத்தில், மாமூ என்ற சிற்றூரின் பக்கத்தில் 1927ஆம் ஆண்டு பிறந்தவர். கேஜுன் என்று அழைக்கப்படும் பிரெஞ்சு பேசும் மக்களின் நாட்டார் இசையை அந்த மக்களே மதிக்கத் தொடங்கியதில் தனியொரு மனிதருக்குப் பங்கு உண்டென்றால், அது இவருக்குத்தான் என்பது என் எண்ணம். தந்தியை இறக்கிக் கட்டும் வழக்கத்துக்கு அக்கார்டியனே காரணம். கேஜுன் இசையில் புழங்கும் அக்கார்டியன் பத்தே பொத்தான்கள் கொண்ட சிறிய பெட்டி. ஒவ்வொரு பொத்தானும் துருத்தியை அமுக்கும்போது ஒரு சுரத்தையும் இழுக்கும்போது இன்னொரு சுரத்தையும் கொடுக்கும். அது எந்தச் சுருதிக்குச் செய்யப்பட்டதோ அதை விட்டு அதிகம் நகராது. அது வளையாத காரணத்தால் பிடில் வளைந்து கொடுத்தது.

அந்த மக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் அகாடியா என்ற பெயரில் குடியிருந்த பிரெஞ்சு விவசாயிகளை, 1755இல் தொடங்கிப் பிரிட்டிஷ் ஆட்சி வீடு வாசலிலிருந்து பெயர்த்து எறிந்தது. பல கரைகளில் அலைந்தவர்களில் ஒரு பகுதியினர் 1760களின் நடுவிலிருந்து லூசியானாவின் சதுப்பு நிலங்களுக்கும் புல்வெளிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். 'அகாடியன்' என்ற சொல் வாயில் தேய்ந்து 'கேஜுன்' ஆனது. அங்கே வாழ்ந்த கறுப்பினத்தவர், பழங்குடியினர், ஸ்பானியர், ஜெர்மானியர் ஆகியோரோடு கலந்து பழகியதில் உருவான இசையே கேஜுன் இசை. அக்கார்டியன் ஜெர்மனியிலிருந்து வந்த சரக்கு. அதை வாசிக்கும் பாணியில் அமெதே ஆர்துவான் போன்ற, பிரெஞ்சு பேசும் கறுப்பினத்தவரான கிரியோல் கலைஞர்களின் கை ஆழமாகப் பதிந்திருக்கிறது.

டூயியின் தந்தை சார்ல்ஸ் பிறர் நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்டவர், பிடில் வாசித்தவர். அவருக்கு முந்தைய தலைமுறைகளிலும் வாசித்தவர்கள் இருந்தார்கள். வீட்டில் பிள்ளைகள் பலர், வருமானம் சொற்பம். அந்தக் காலத்துக் கேஜுன் கிராமங்களில் இசை கேட்பதற்கென்று தனியாக ஓர் இடம் கிடையாது. சனிக்கிழமை இரவு ஒரு வீட்டில் மேசை நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டுக் கூடத்தைக் காலி செய்வார்கள். அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். கைக்குழந்தைகளை உள் அறைக் கட்டிலில் வரிசையாகத் தூங்க வைத்துவிட்டுத் தாய்மார்கள் ஆட வருவார்கள். குழந்தையைத் தூங்கச் சொல்லும் 'ஃபே தோ தோ' என்ற கொஞ்சு மொழியே பின்னாளில் அந்த நடன இரவுகளுக்குப் பெயராகவும் ஆனது. ஒலிபெருக்கி இல்லாத அந்தக் கூடத்தில், நூறு கால்கள் மரத்தரையில் உரசும் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு பாடகரின் குரல் மறுமூலைக்குப் போய்ச் சேர வேண்டும். கேஜுன் பாடகர்கள் தொண்டையின் உச்சியிலிருந்து, ஏறக்குறைய அழுகை போலப் பாடுவதற்கு இது ஒரு காரணம். பாட்டின் பொருளும் பெரும்பாலும் அழுகைதான் என்பது வேறு விஷயம். விட்டுப் போன காதலி, அநாதைப் பிள்ளை, குடித்துக் கெட்டவன், திரும்பி வராத மகன் என்று வரிசையாகச் சோகத்தைப் பாடிக்கொண்டே மக்கள் வால்ட்ஸ் ஆடுவார்கள்.

இப்படிப்பட்ட கூடங்களில்தான் டூயி, தந்தையையும் அண்ணன் வில் பால்ஃபாவையும் பார்த்துப் பார்த்துக் கற்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டெக்சாஸ் மாநிலத்து ஆரஞ்ச் நகரின் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியபோது, கேஜுன் நடனம் வீட்டுக் கூடத்திலிருந்து நடன மண்டபத்துக்கு இடம் மாறியிருந்தது. சகோதரர்கள் அங்கும் வாசித்தார்கள். டூயியின் காதில் ஹாரி சோட்ஸின் பிடிலும் டெக்சாஸ் பாப் வில்ஸின் துள்ளல் இசையும் ஏறியிருந்தன. அவர் பழமைக்குள் அடைபட்ட கிராமத்துக்காரர் அல்லர் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். நவீனமானது எது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பின்னாளில் அவர் பழைய வீட்டுக்கூடப் பாணிக்குத் திரும்பியது தெரிந்தே எடுத்த முடிவு.

அந்த முடிவின் எடை விளங்க, அப்போதைய ஊர் மனநிலையைப் பார்க்க வேண்டும். 1921ஆம் ஆண்டின் மாநில அரசியல் சட்டம் பள்ளியில் ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழிக்கு இடமில்லாமல் செய்தது. வீட்டில் பிரெஞ்சு மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை, பள்ளி மைதானத்தில் வாய் தவறி ஒரு சொல் பேசினாலும் தண்டனை உண்டு. இனிப் பிரெஞ்சு பேச மாட்டேன் என்று நூற்றுக்கணக்கான முறை எழுத வைக்கப்பட்டவர்கள், முழந்தாளிட வைக்கப்பட்டவர்கள், அடி வாங்கியவர்கள் என்று ஒரு தலைமுறையே இருக்கிறது. அந்தத் தலைமுறை பெற்றோரானபோது, தாங்கள் பட்டது போதும் என்று தம் பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலேயே பேசியது. மொழியோடு இசையும் கீழிறங்கியது. அக்கார்டியனும் பிடிலும் சேர்ந்து எழுப்பும் ஓசையைக் கேலி செய்வதற்கென்றே 'சாங்கி சாங்க்' என்று ஒரு சொல் இருந்தது. நம் வழக்கில் சொன்னால் டண்டணக்கா என்பது மாதிரி. படித்து முன்னேறிய கேஜுன் ஒருவர் அந்த ஓசை கேட்டால் வானொலியைத் திருகி அடைப்பார்.

இந்த நிலையில், 1964இல், ரோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட் நாட்டார் இசை விழாவுக்காகக் கலைஞர்களைத் தேடி ரால்ஃப் ரின்ஸ்லர் என்ற இளைஞர் லூசியானாவைச் சுற்றினார். அவர் அழைத்தது அக்கார்டியன் கலைஞர் கிளாடியஸ் திபோடோவையும் பிடில் கலைஞர் லூயி லெஜூனையும். டூயி பிறகுதான் சேர்ந்தார். கடைசி நேரத்தில் கிட்டார் வாசிக்க ஆள் தேவைப்பட்டதால், பிடில்காரரான அவர் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். தன் வாழ்க்கையையே திருப்பிய மேடையில் அவர் மாற்று ஆளாக, தனக்குரியதல்லாத கருவியோடு ஏறினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஊரில் நடந்தது சிரிப்புக்குரியதல்ல. இப்படிப்பட்ட இசையை வெளியூருக்கு அனுப்பினால் மாநிலத்தின் மானம் போகும் என்ற தொனியில் உள்ளூர்ப் பத்திரிகையில் ஏளனக் குரல் எழுந்தது. அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர்கள் போனார்கள். அதுவரை 200 பேருக்கு மேல் கூடிய இடத்தில் தான் வாசித்ததே இல்லை என்றும், நியூபோர்ட்டில் 17,000 பேர் எழுந்து நின்று தங்களை மேடையை விட்டு இறங்க விடவில்லை என்றும் டூயி பின்னாளில் சொல்வதுண்டு. நியூபோர்ட் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இந்தக் கைதட்டலோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் அதை வைத்து என்ன செய்தார் என்பதுதான். அந்த வரவேற்பை நம்பி வடக்கே தங்கிவிட்டிருந்தால், கல்லூரி மாணவர்களுக்குப் பாடியே பிழைத்திருக்கலாம். அவரோ அந்தக் கைதட்டலின் எதிரொலியை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தார். சொந்த ஊர்க்காரர்களின் காதில் அது விழ வேண்டும் என்பதையே மீதி வாழ்நாளின் வேலையாக வைத்துக்கொண்டார்.

அந்த வேலைக்கு முதலில் தேவைப்பட்டது ஓர் இசைத்தட்டு. பக்கத்து ஊரான வில் பிளாட்டில் ஃப்ளாய்ட் ஸ்வாலோ என்பவர் இசைத்தட்டுக் கம்பெனி நடத்திவந்தார். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் அவருடைய குடும்பப் பெயரைப் படிப்பது சிரமம், உச்சரித்தால் ஆங்கிலத்தில் தகைவிலான் குருவியைக் குறிக்கும் சொல் போல ஒலிக்கும். அதனால் கம்பெனிக்கே குருவிப் பெயரை வைத்துவிட்டார். மின் கிட்டாரும் டிரம்மும் விற்கிற காலத்தில் இந்தப் பழைய ஓசையை யார் வாங்குவார்கள் என்று அவர் தயங்கினார். டூயி விடவில்லை. முதலில் வந்த சிறிய தட்டு எதிர்பாராத அளவுக்கு விற்றது. 1967இல் பால்ஃபா சகோதரர்களின் முதல் நீள இசைத்தட்டு வெளியானது. அதே ஆண்டு டூயி மறுபடியும் நியூபோர்ட் போனபோது, குடும்பத்தோடு போனார். சகோதரர்கள் வில், ராட்னி, பர்க்மன், மகள் நெல்டா, அவர்களோடு அக்கார்டியன் வாசிக்கப் பக்கத்து விவசாயி ஹாட்லி ஃபோன்டனோ. இந்த முறை டூயியின் கையில் பிடில் இருந்தது.

நான் வயலினை இறக்கக் காரணமான பாட்டு இந்தக் குடும்பத்தின் பதிவுகளில் ஒன்றுதான். அக்கார்டியன் இல்லாமல் இரண்டு பிடில்கள் மட்டும் முன்னால் நிற்கும் மெட்டுகளைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். டூயி மேலே மெட்டைக் கொண்டுபோகிறார். ஒரு தந்தியில் மெட்டு நகரும்போது பக்கத்துத் தந்தியையும் வில் தொட்டுக்கொண்டே போவதால், ஒற்றைப் பிடிலே இரண்டாகக் கேட்கிறது. வில் பால்ஃபா கீழே இருக்கிறார். அவர் மெட்டை வாசிப்பதில்லை. தடித்த தந்திகளில் குறுகிய வீச்சுகளாக வில்லை முன்னும் பின்னும் போட்டு, தாளத்தையும் அடிச் சுரத்தையும் ஒருசேரக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வண்டிச் சக்கரம் மண்ணில் உருள்வது போன்ற ஓசை அது. முதல் பத்து முறை கேட்டபோது அந்த அண்ணனின் இருப்பே எனக்குத் தெரியவில்லை. பிறகு ஒருநாள் இரவு, மேல் பிடிலை வேண்டுமென்றே மறந்துவிட்டுக் கீழ் பிடிலை மட்டும் பின்தொடர்ந்தேன். ஆட்டக்காரர்களின் கால்களை நகர்த்துவது அண்ணன்தான் என்று அப்போது தெரிந்தது. டூயி எத்தனை துணிந்து சுரங்களை இழுத்து வளைத்தாலும், திரும்பி வந்து கால் ஊன்ற அங்கே தரை இருக்கிறது. ராட்னியின் கிட்டாரும், அடிவயிற்றிலிருந்து எழும்பி உச்சியில் உடையும் அவருடைய குரலும் அதன் மேல் வந்து உட்காருகின்றன. பின்னணியில் இரும்பு முக்கோணம் ஒலிக்கிறது. முன்பெல்லாம் அதை வைக்கோல் வாரும் கருவியின் பழைய பற்களை வளைத்தே செய்தார்கள். வயல் வேலையில் தேய்ந்த இரும்பு நடனத்தில் தாளம் போட்டது.

இவ்வளவு பெயர் வந்த பிறகும் டூயியின் பிழைப்பு இசையாக இருக்கவில்லை. விவசாயம் பார்த்தார், காப்பீடு விற்றார், பசீல் ஊரில் மரச்சாமான் கடை வைத்திருந்தார், பள்ளிப் பேருந்து ஓட்டினார். இவற்றில் அந்தப் பேருந்துதான் என் மனத்தில் தங்கிவிட்டது. வாரக் கடைசியில் விழா மேடையில் நின்றவர், திங்கட்கிழமை காலை வீடு வீடாக நிறுத்திப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், பிரெஞ்சு பேசியதற்காகத் தன் தலைமுறையைத் தண்டித்த அதே பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டார். 1970களில் நாட்டார் கலைஞர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டத்தில் இடம் கிடைத்தபோது, அவர் வாசலோடு நிற்காமல் பிடிலோடு வகுப்பறைக்குள்ளும் போனார். பாட்டு வாசித்தார், பழங்கதை சொன்னார், வீட்டுப் பிரெஞ்சிலேயே பேசினார். உங்கள் தாத்தா வாசித்தது இதைத்தான் என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். தாத்தா வாசித்ததைக் கேட்டு வெட்கப்பட்ட அப்பாக்களின் பிள்ளைகள் அவர்கள்.

மொழிக்காக அரசு எடுத்த முயற்சியும் இதே காலத்தில்தான் தொடங்கியது. லூசியானாவில் பிரெஞ்சை மீட்க ஜேம்ஸ் டோமென்ஜோ என்ற வழக்கறிஞரின் முனைப்பில் 1968இல் ஓர் அரசு மன்றம் அமைந்தது. அது பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் ஆசிரியர்களை வரவழைத்து ஏட்டுப் பிரெஞ்சைக் கற்பித்தது. ஊர்ப் பாட்டிகளின் பிரெஞ்சுக்கு அதில் முதலில் மரியாதை இல்லை. நல்ல எண்ணத்தோடு செய்த காரியமானாலும், மொழியை மேலிருந்து இறக்க முடியாது என்பதை அவர்கள் தாமதமாகத்தான் உணர்ந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பாரி ஆன்ஸ்லே என்ற இளம் மாணவரும் டூயியும் ரின்ஸ்லரும் மற்றவர்களும் சேர்ந்து அந்த மன்றத்தையும் இசையின் பக்கம் திருப்பினார்கள். அதன் விளைவு, 1974 மார்ச் 26ஆம் தேதி லஃபாயெட் நகரத்து பிளாக்கம் அரங்கில் நடந்த கேஜுன் இசைப் பெருவிழா. அன்று செவ்வாய்க்கிழமை, வெளியே பேய் மழை. அந்த இரவில் 12,000 பேர் வந்து அரங்கை நிறைத்தார்கள்.

அந்த விழாவின் ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். கேஜுன் இசைக்கு எல்லோரும் அறிந்த பயன் நடனமாடுவதுதான். அன்று ஆடுவதற்கு இடமே வைக்கவில்லை. உட்கார்ந்து கேட்கச் செய்தார்கள். எந்த இசைக்கு மேடையில்லை என்று ஊர் நினைத்ததோ, அதற்கு முன்னால் ஊரே கைகட்டி அமர்ந்தது. டென்னிஸ் மக்கீ போன்ற முதியவர்கள், நேதன் ஆப்ஷயர், கிரியோல் கலைஞர்களான கான்ரே ஃபோன்டனோவும் புவா செக் ஆர்துவானும், கிரியோல் மக்களின் நடன இசையான சைடிகோவின் மன்னர் கிளிஃப்டன் ஷெனியே, பால்ஃபா சகோதரர்கள் எல்லோரும் ஒரே இரவில் வாசித்தார்கள். நியூபோர்ட்டின் எதிரொலி ஊருக்கு வந்து சேரப் பத்து வருடங்கள் ஆகியிருந்தன. அந்த ஓர் இரவு ஆண்டு விழாவாக வளர்ந்து இன்றும் லஃபாயெட்டில் நடந்துவருகிறது.

பிறகு அடி விழுந்தது. 1970களின் கடைசியில் ஒரு கார் விபத்தில் வில்லும் ராட்னியும் சேர்ந்தே இறந்துபோனார்கள். அந்தத் துக்கத்திலிருந்து மீள்வதற்குள் மனைவி ஹில்டாவும் போய்விட்டார். கீழ் பிடிலும் போய், அந்தக் குரலும் போன பின் இசைக்குழு என்ற பெயரில் என்ன மிஞ்சும்? அந்தப் பதிவுகளைக் காலவரிசையில் கேட்கும்போது, இந்த இடத்துக்கு வந்ததும் நான் சில நாள் நிறுத்திவிட்டேன். டூயி நிறுத்தவில்லை. டோனி, ராட்னியின் மகன், தந்தையின் கிட்டாரை ஏற்றார். மற்ற நண்பர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1982இல் அமெரிக்க அரசு தேசிய மரபுக் கலைஞர் விருதை முதன்முதலாக வழங்கியபோது, அந்த முதல் வரிசையிலேயே டூயியின் பெயர் இருந்தது.

என்றாலும், கடைசிப் பத்து ஆண்டுகளில் அவர் மேடையைவிட அதிகமாகக் கற்றுக் கொடுப்பதிலேயே மனம் வைத்தார் என்று சொல்லலாம். மேற்கு வர்ஜீனியாவின் எல்கின்ஸ் ஊரில் நடக்கும் கோடைக்காலப் பயிலரங்குக்குப் போய், பிரெஞ்சில் ஒரு சொல்கூட அறியாத வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். மாமூவிலிருந்து வந்த ஸ்டீவ் ரைலி என்ற பதின்பருவப் பையன் அவருடன் ஊர் ஊராகப் போய் வாசித்துத் தேறினான். இன்று கேஜுன் இசையின் பெரிய பெயர்களில் ஒருவர் அவர். இரத்த உறவு இல்லாதவர்களுக்குத் தருவதில் டூயிக்குத் தயக்கமே இருந்ததில்லை. குடும்பத்துக்குள் மட்டும் பூட்டி வைத்த சொத்து, ஒரே ஒரு கார் விபத்தில் அழிந்துவிடக்கூடும் என்பதை அவரைவிட அதிகமாக அறிந்தவர் யார்?

1992 ஜூன் 17ஆம் தேதி, 65ஆம் வயதில், புற்றுநோயால் இறந்தார். தந்தையின் குழுவில் முக்கோணம் தட்டிப் பழகிய இளைய மகள் கிறிஸ்டீன், அதன் பிறகு கிட்டாரை எடுத்துத் தனியாக ஒரு குழு அமைத்தார். அதன் பெயர் 'பால்ஃபா தூஜூர்', அதாவது என்றென்றும் பால்ஃபா. 1993இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பின் தலைப்புக்குப் பொருள், அப்பா, நீ இன்னும் என்னோடு பேசுகிறாய் என்பது. மகள் அதையும் அந்தத் தண்டிக்கப்பட்ட பிரெஞ்சில்தான் வைத்திருக்கிறார்.

என் வயலினை இன்னும் பழைய சுருதிக்கு ஏற்றவில்லை. இப்போது மெட்டை விட்டுவிட்டு, அண்ணன் வில் பால்ஃபாவின் பகுதியை வாசித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். அதுதான் கடினமாக இருக்கிறது. இரண்டு நிமிடத்துக்குள் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிவிடுகிறது.